பாணும் பிணியும்: சீலியாக் நோய் பற்றிய அறிவின் சமூக வரலாறு

1

விஞ்ஞான வரலாற்றை எளிமைப்படுத்திக் கூறுவோரிடையே இருவகைக் கதைகள் பெருவழக்காக உள்ளன. ஒன்று மேதையின் கதை. மற்றையது தற்செயலின் கதை. தனியொரு மனிதனின் உள்ளொளியால் உண்மை வெளிப்பட்டது என்பது முதலாவது. பூசணம் படிந்த கண்ணாடித் தட்டிலிருந்து மருந்து பிறந்தது போல, எதிர்பாரா நிகழ்ச்சியொன்று உண்மையைக் கையில் கொண்டுவந்து கொடுத்தது என்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், ஒரு முக்கியமான அம்சத்தில் ஒத்தவை. அறிவு உருவாகும் சமூகச் சூழலையும், அதில் பங்குகொண்ட பெயரற்ற பலரின் உழைப்பையும் இரண்டுமே மறைத்துவிடுகின்றன.

சீலியாக் நோய் என வழங்கும் பிணியின் வரலாறும் இவ்வாறே கூறப்பட்டு வந்துள்ளது. கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் எனும் புரதத்தினால் தூண்டப்பட்டு, உடலின் நிர்ப்பீடனமே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும் நோய் இது. உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தட்டையாகிப் போவதால், உண்டும் ஊட்டம் பெறாத நிலை உண்டாகிறது. குழந்தைகளில் வயிறு ஊதுதல், கொழுப்புக் கலந்த கழிச்சல், வளர்ச்சிக் குன்றல் என்பனவாகவும், வளர்ந்தோரில் தீராத குருதிச்சோகை, எலும்புத் தேய்வு, களைப்பு என்பனவாகவும் அது வெளிப்படுவதுண்டு.

வழக்கமாகக் கூறப்படும் கதை இது: 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பஞ்சம் வந்தது, பாண் இல்லாமற் போயிற்று, நோயுற்ற குழந்தைகள் தேறின, போர் முடியும் தறுவாயில் விமானங்களிலிருந்து பாண் வீசப்பட்டதும் மீண்டும் நோயுற்றன, வில்லெம் கறெல் டிக்க எனும் வைத்தியர் அதைக் கண்டு உண்மையை உணர்ந்தார். மேதையும் தற்செயலும் ஒருங்கே அமைந்த இக்கதை கேட்பதற்கு இனியது. ஆனால் கால ஒழுங்கை வைத்துப் பார்க்கும்போது அது பாதியளவே உண்மையானது என்பது புலனாகும். யாருடைய உணவு ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகக் கருதப்பட்டது, யாருடைய சாட்சியம் செவிமடுக்கப்பட்டது, யாருடைய நோய் நோயாகப் பதிவு பெற்றது என்னும் வினாக்களை முன்வைத்தே இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியும் என்பது எமது துணிபு.

2

கப்பதோசியாவைச் சேர்ந்த அரெத்தேயஸ் என்னும் கிரேக்க மருத்துவர், கி.பி. முதலாம் இரண்டாம் நூற்றாண்டுகளை ஒட்டிய காலத்தில், உண்டது செரியாமற் கழியும் நாட்பட்ட வயிற்று நோயொன்றை விவரித்துள்ளார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே 'சீலியாக்' என்னும் பெயர் பிறந்தது. அவரது நூல் 1856இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. முப்பதாண்டுகளின் பின்னர், 1887இல் லண்டனில் கிறேற் ஓமண்ட் வீதிக் குழந்தைகள் வைத்தியசாலையில் சாமுவேல் ஜீ ஆற்றிய விரிவுரையும், 1888இல் அவர் வெளியிட்ட கட்டுரையும் நவீன மருத்துவத்தில் இந்நோய் பற்றிய முதலாவது தெளிவான விவரணமாகக் கொள்ளப்படுகின்றன.

நோயாளி குணமடைவாராயின் உணவின் மூலமே அது கைகூடும் என்று ஜீ கருதினார். இதைத் தீர்க்கதரிசனம் எனப் புகழ்வோர் பலர். ஆயினும் எவ்வுணவை அவர் விலக்கினார், எதை அனுமதித்தார் என்பதே எமது கவனத்துக்குரியது. அரிசியையும் சவ்வரிசியையும் சோளமாவையும் அவர் விலக்கினார். மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்கு வாட்டிய பாணை அனுமதித்தார். இன்று நாம் அறிந்தவற்றின்படி, அவர் விலக்கியவை தீங்கற்றவை, அனுமதித்ததே நஞ்சு. ஒல்லாந்திலிருந்து வந்த மட்டிகளை நாள்தோறும் உண்ட குழந்தையொன்று வியக்கத்தக்க வகையில் தேறியதையும், மட்டிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததையும் அவரே பதிவுசெய்தார். தடயம் கையில் இருந்தது, பொருள் புலப்படவில்லை.

இது தனிமனிதரின் கூர்மைக் குறைவன்று. ஐரோப்பிய நாகரிகத்தில் பாண் வெறும் உணவுப்பண்டம் அல்ல. வழிபாட்டிலும் வழக்குமொழியிலும், கூலிப் போராட்டங்களிலும் புரட்சிகளிலும் அதுவே வாழ்வின் குறியீடாக விளங்கியது. அரிசியும் சவ்வரிசியும் கடல்கடந்து வந்த அந்நியப் பண்டங்கள். அவற்றை ஐயுறுவது எளிது. அன்றாடம் உண்பதை ஐயுறுவதோ எளிதன்று. கருத்தியல் என்பது நூல்களில் மாத்திரம் உறைவதில்லை, உணவு மேசையிலும் உறைகிறது என்பதற்கு இது தக்க சான்று.

1908இல் நியூயோர்க்கைச் சேர்ந்த கிறிஸ்ரியன் ஹேட்டர் இந்நோய்க்குக் குடற் பற்றீரியாக்களே காரணம் என வாதிட்டு நூலொன்று வெளியிட்டார். பற்றீரியாவியலின் வெற்றிகள் மேலோங்கியிருந்த காலம் அது. எந்நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடுவது அக்காலத்து மனப்பாங்கு. நோய் 'ஜீ-ஹேட்டர் நோய்' என்று பெயர் பெற்றது. காரணமோ அறியப்படாமலே இருந்தது.

3

குழந்தைகளின் நோய் இவ்வாறு ஆராயப்பட்டுக்கொண்டிருக்க, அதற்கு இணையான இன்னொரு வரலாறு குடியேற்ற நாடுகளில் நிகழ்ந்தது. அதில் இலங்கைக்கும் இடமுண்டு என்பதால் அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

யாவாவிலும் சீனத் துறைமுகங்களிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் நெடுங்காலம் வாழ்ந்த ஐரோப்பியரிடையே, நாப்புண், நுரைத்த வெண்கழிச்சல், உடல் மெலிவு ஆகியவற்றுடன் கூடிய நோயொன்று காணப்பட்டது. ஒல்லாந்தச் சொல்லொன்றைத் தழுவி 1880இல் பற்றிக் மான்சன் அதற்கு 'ஸ்புறூ' என்று ஆங்கிலத்திற் பெயரிட்டார். 'இலங்கை வாய்ப்புண்' என்னும் பெயரும் அதற்கு வழங்கிற்று. மான்சனின் மருமகனான பிலிப் பார், பிற்காலத்தில் மான்சன்-பார் என அறியப்பட்டவர், 1912 முதல் 1914 வரை இலங்கையில் இந்நோயை ஆராய்ந்து 1915இல் கேம்பிறிஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக அறிக்கையொன்றை வெளியிட்டார். ஒருவகைப் பங்கசு மீதே அவரது ஐயம் சென்றது.

ஸ்புறூ வெப்பவலயத்துக்கு வந்த ஐரோப்பியரின் நோயென்றே பெரிதும் எண்ணப்பட்டது. துரைமாரின் கழிச்சலுக்குத் தனிப் பெயரும் தனி ஆய்வும் நூலும் கிடைத்தன. அதே மலையகத்தில் லயன்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் கழிச்சல், வயிற்றோட்டம், வயிற்றுளைவு என்னும் பொதுத் தலைப்புகளின் கீழ் இறப்புப் பதிவேடுகளிற் கரைந்தது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இலங்கையில் தொடங்கியபோது தொழிலாளரின் குடல் முதன்முறையாக முறையான கவனம் பெற்றதெனினும், உழைப்புத் திறனே அக்கவனத்தின் உந்துவிசையாக இருந்தது. உள்ளூர் மக்களுக்கு ஸ்புறூ வருவதில்லை என்னும் எண்ணம் நோயின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. பார்வையின் எல்லையிலிருந்து பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் வடஆர்க்காட்டுக் கிராமங்களில் இந்நோய் கொள்ளைநோயாகப் பரவியதை வேலூர் மருத்துவர்கள் ஆராய்ந்து பதிவுசெய்தபோது அவ்வெண்ணம் தகர்ந்தது.

இவ்வகைப்பாடு ஐரோப்பிய மருத்துவத்தையும் குழப்பியது. தமது நாட்டைவிட்டு ஒருபோதும் அகலாத ஐரோப்பியரிலும் இதையொத்த நோய் காணப்பட்டது. 1932இல் தென்மார்க்கு நாட்டவரான தைசன் அதனை 'வெப்பவலயம் சாரா ஸ்புறூ' என்று அழைத்தார். குடியேற்ற நாட்டு நோயின் பெயரை எதிர்மறையாக்கி, சொந்த நாட்டு நோய்க்குச் சூட்டவேண்டியதாயிற்று. உண்மையில் அவர் கண்டவற்றுட் பல, வளர்ந்தோரில் வெளிப்பட்ட சீலியாக் நோயே. குழந்தை மருத்துவம், வெப்பவலய மருத்துவம், பொது மருத்துவம் என்னும் மூன்று துறைகள் ஒரே பிணியைத் தனித்தனிப் பெயர்களில், ஒன்றையொன்று அறியாது நோக்கிக்கொண்டிருந்தன.

4

1924இல் நியூயோர்க்குக் குழந்தை வைத்தியரான சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை அறிமுகஞ் செய்தார். பத்துக் குழந்தைகளைப் பற்றி அவர் எழுதினார். வாழைப்பழ உணவு பெற்ற எண்மர் தேறினர். பெறாத இருவர் இறந்தனர். புவேட்டோ றிக்கோவில் பாண் உண்ணும் நகரவாசிகளுக்கு ஸ்புறூ வருவதையும், வாழைப்பழத்தை மிகுதியாக உண்ணும் கமக்காரருக்கு வராததையும் பற்றிய செய்தியும் அவருக்கு எட்டியிருந்தது. பாண் உண்போர், உண்ணாதோர் என்னும் வேறுபாடு அங்கேயே கண்முன் கிடந்தது. ஹாஸோ உண்ணாத பாணை நோக்காது, உண்ட வாழைப்பழத்தையே நோக்கினார். பழத்தில் குணப்படுத்தும் ஆற்றல் உண்டென நம்பப்பட்டது.

இம்முறையால் உயிர் பிழைத்த குழந்தைகள் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் குணமடைந்ததாகக் கருதப்பட்டதும் அவர்கள் மீண்டும் பாணுக்குத் திருப்பப்பட்டனர்; உள்ளே சிதைவு மெல்லத் தொடர்ந்தது. சிகிச்சை பலித்தமையே காரணத்தைத் தேடும் முயற்சியைத் தாமதப்படுத்தியது எனலாம். தொலைதூரத் தோட்டங்களில் விளைந்து கப்பலேறி வந்த கனியிலேயே அம்மருந்து தங்கியிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. 1940இல் பிரித்தானியா வாழைப்பழ இறக்குமதியை நிறுத்தியபோது, அத்தகைய மருந்தொன்று எவ்வளவு நிலையற்றது என்பது வெளிப்பட்டது.

5

இனி ஒல்லாந்துக்கு வருவோம். 1905இற் பிறந்த டிக்க, ஹேக் நகரிலுள்ள யூலியானா குழந்தைகள் வைத்தியசாலையின் பொறுப்பை 1936இல் ஏற்றார். பஞ்சத்துக்கு எட்டாண்டுகள் முந்திய காலம் அது. நோயுற்ற தன் குழந்தையின் உடலிற் படர்ந்த தடிப்பு, பாணை நிறுத்தியதும் விரைவில் மறைந்தது என்று இளந்தாயொருத்தி கூறியதே அவரது கவனத்தை ஈர்த்தது என்று பிற்காலத்தில் ஒல்லாந்த மருத்துவர்கள் எழுதியுள்ளனர். அதற்கு முன்னரே, 1932இல், பாணும் றஸ்க்கும் உண்டபின் கழிச்சல் வருவதாக ஒல்லாந்தக் குழந்தை வைத்தியர் கூட்டமொன்றிற் பேசப்பட்டதும் உண்டு. 1930களின் நடுப்பகுதியிலேயே கோதுமை நீக்கிய உணவைப் பரீட்சிக்கத் தொடங்கிய டிக்க, 1941இல் ஒல்லாந்த மருத்துவ இதழில் அதனைப் பற்றி எழுதினார். பாணையும் றஸ்க்கையும் கொடுக்கலாகாது என்பது அதன் சாரம்.

ஆகவே, பஞ்சம் கருத்தைத் தோற்றுவிக்கவில்லை. ஏற்கெனவே உருவாகியிருந்த கருத்தைப் பெருமளவில் உறுதிப்படுத்தியது. இவ்வேறுபாடு சிறிதன்று. கருத்து முன்னரே இல்லாதவிடத்து அந்நிகழ்ச்சி கண்ணிற் பட்டிராது. பஞ்சங்கள் வரலாற்றில் எண்ணற்றவை. அவற்றிற் பாண் இல்லாமற்போன காலங்களும் பல. அவை ஒன்றும் இவ்வுண்மையை வெளிப்படுத்தவில்லை.

அப்பஞ்சத்தின் வரலாற்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1944 செப்ரெம்பரில் நேச நாட்டுப் படைகளுக்குத் துணையாக ஒல்லாந்த றெயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதற்குப் பதிலடியாக நாசி ஆக்கிரமிப்பாளர் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். பின்னர் வாய்க்கால்களும் உறைந்தன. நாளொன்றுக்கான பங்கீடு 400 முதல் 800 கலோரி வரையில் வீழ்ந்தது. மக்கள் சீனிக்கிழங்கையும் தியூலிப் பூங்கிழங்கையும் உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். எல்லாக் குழந்தைகளும் மெலிந்த அக்காலத்தில் சீலியாக் குழந்தைகள் தேறியமை உண்மையே. ஆனால் 'வானிலிருந்து விழுந்த பாண்' என்பது பிற்காலத்து அழகுபடுத்தல். சுவீடனின் மா 1945இன் தொடக்கத்திற் கப்பலில் வந்து ஒல்லாந்திலேயே பாணாகச் சுடப்பட்டது. விமானங்கள் உணவு வீசத் தொடங்கியது ஏப்பிரல் 29ஆம் நாள்தான். இரு நிகழ்ச்சிகளும் மக்கள் நினைவில் ஒன்றாயின.

போரின் பின்னரே கருத்து நிரூபணமாக மாறியது. தெரிந்தெடுத்த சில குழந்தைகளுக்கு ஆண்டுக்கணக்கிற் கோதுமை நீக்கியும் சேர்த்தும் உணவளிக்கப்பட்டது. நிறையும் உயரமும் வரைபுகளிற் குறிக்கப்பட்டன. கோதுமை சேர்த்த சில வாரங்களில் பசி குன்றி, கழிச்சல் பெருகி, வளர்ச்சி நின்றது. யூட்றெக்ற் நகரின் உயிர் இரசாயனவியலாளர் வான் டி காமர் மலத்திற் கொழுப்பை அளக்கும் எளிய முறையொன்றை வகுத்தார்; வெயர்ஸ் என்னும் குழந்தை வைத்தியரும் இணைந்தார். 1950இல் டிக்க தமது கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டை யூட்றெக்ற் பல்கலைக்கழகத்திற் சமர்ப்பித்தார். கோதுமையின் மாப்பொருள் தீங்கற்றது, புரதமே தீங்கானது என்பது தெளிவாயிற்று. 1953இல் அப்புரதத்தில் மதுசாரத்திற் கரையும் பகுதியான கிளையடினே காரணம் என மூவரும் காட்டினர். 1952இல் பேமிங்ஹாமில் சார்லற் அண்டர்சன் முதலியோர் தனித்து நடத்திய பரிசோதனைகளும் இதே முடிவை எய்தின.

தாயொருத்தியின் அவதானம், அதைச் செவிமடுத்த வைத்தியர், நாள்தோறும் உணவையும் மலத்தையும் நிறுத்த தாதியர், அளவை முறையை வகுத்த இரசாயனவியலாளர், மீண்டும் மீண்டும் நோயை ஏற்று உண்மைக்குச் சான்றான குழந்தைகள் என இவ்வறிவு பலரின் கூட்டுழைப்பு. டிக்கவின் பெருமை இதனாற் குன்றாது. சமையற்கட்டில் விளைந்த அனுபவ அறிவை அறியாமை என ஒதுக்காது, அதனைச் சோதனைக்குரிய கருதுகோளாக ஏற்றமையே அவரது பெருமை. அத்தாயின் பெயர் மாத்திரம் எங்கும் பதிவாகவில்லை.

6

உணவு நிறுவிய உண்மையை அடுத்து உடலியல் விளக்கியது. 1954இல் இங்கிலாந்தைச் சேர்ந்த போலி, சத்திரசிகிச்சையின்போது பெற்ற குடற்றுண்டுகளிற் சடைமுளைகள் சிதைந்திருந்ததைக் கண்டார். 1956இல் லண்டனில் மார்கொற் ஷைனரும், 1957இல் அமெரிக்காவில் குறொஸ்பியும் குக்ளரும், வாய்வழியாகக் கருவியைச் செலுத்திக் குடற்றுண்டைப் பெறும் முறைகளை வெளியிட்டனர். 1960இல் றூபினும் சகாக்களும் குழந்தைகளின் சீலியாக் நோயும் வளர்ந்தோரின் வெப்பவலயம் சாரா ஸ்புறூவும் ஒன்றே எனக் காட்டினர். துறைகள் பிரித்து வைத்திருந்ததை நுணுக்குக்காட்டி ஒன்றாக்கியது.

1970களிலிருந்து இது நிர்ப்பீடனவியலின் பொருளாயிற்று. 1989இல் சொலிட்டும் சகாக்களும் டீகியூ2 என்னும் இழையப் பொருத்த மூலக்கூற்றுடன் இந்நோய்க்குள்ள தொடர்பை உறுதிப்படுத்தினர். சிறுபான்மை நோயாளரிடம் டீகியூ8 காணப்படுகிறது. 1997இல் டீற்றெரிக், ஷூப்பான் முதலியோர் உடல் தாக்குவது தனது சொந்த நொதியமான இழையத் திரான்ஸ்குளூற்றமினேசையே என்று கண்டனர். அதன் பொறிமுறையைச் சுருங்கக் கூறின்: குளூட்டன் முற்றாகச் செரிப்பதில்லை. எஞ்சிய துண்டுகளை இந்நொதியம் சிறிது மாற்றியமைக்கிறது; மாறிய துண்டுகள் டீகியூ2 அல்லது டீகியூ8 மூலக்கூறுகளில் இறுகப் பற்றிக்கொள்கின்றன; அவற்றைப் பகையெனக் கொண்ட நிர்ப்பீடனக் கலங்கள் கிளர்ந்து குடற்சுவரைச் சிதைக்கின்றன; நொதியத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் உண்டாகின்றன.

தன்னிர்ப்பீடன நோய்களுள் சீலியாக் நோய்க்குத் தனியிடமுண்டு. முதலாம் வகை நீரிழிவிலும் தைரொயிட்டுச் சுரப்பியைத் தாக்கும் நோய்களிலும் உடல் தன்னையே தாக்குவதை அறிவோம். தூண்டுவது எது என்பதை அறியோம். இங்கோ தூண்டும் பொருள் தெரியும். அதை நீக்கினாற் பிறபொருளெதிரிகள் குறைகின்றன, குடல் பெரும்பாலும் தேறுகிறது. முற்கூறிய நோய்கள் உடையோரிடம் சீலியாக் நோய் கூடுதலாகக் காணப்படுவதால், அவர்களைப் பரிசோதிப்பது இன்று பல நாடுகளில் வழமை. கொப்புளங்களுடன் கடுமையாக அரிக்கும் தோல்நோயொன்றும் இதன் மற்றொரு முகமே என்பது 1966 முதல் அறியப்பட்டது.

சொற்களைக் கலந்து வழங்கும் போக்கு இன்று மிகுந்திருப்பதால் ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டியுள்ளது. கோதுமை ஒவ்வாமை என்பது வேறு. அது உண்டவுடன் தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாக்க வல்லது. சீலியாக் நோயும் ஒவ்வாமையும் இன்றியே, கோதுமை உண்டால் வயிறு வருந்துவோரும் உளர். இவர்களை 1978 முதல் மருத்துவ இதழ்கள் குறித்துள்ளன. ஆயினும் 2013இல் மெல்பேண் ஆய்வாளர் வெளியிட்ட பரிசோதனை, இத்தகையோர் பலரில் குளூட்டன் அன்றி, கோதுமையில் உள்ள நொதிக்கும் காபோவைதரேற்றுகளே காரணமாகலாம் என்பதை உணர்த்திற்று. நோய் ஐயமிருப்பின், குருதிப் பரிசோதனைக்கு முன்னர் கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தினாற் சான்று மறைந்துவிடும்.

7

சீலியாக் நோய் வெள்ளை ஐரோப்பியரின் அபூர்வ நோய் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிலவியது. ஸ்புறூவைப் பற்றிய பழைய தவறு தலைகீழாகத் திரும்பியது எனலாம். பிறபொருளெதிரிகளைக் குருதியில் அளக்கும் முறைகள் பரவியதும் அக்கருத்துச் சரிந்தது. 2018இல் உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்தோர், குருதிப் பரிசோதனையின்படி 1.4 வீதமானோரும், குடற்றுண்டுப் பரிசோதனையின்படி 0.7 வீதமானோரும் இந்நோயுடையோர் எனக் கணித்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தமக்கு நோயிருப்பதை அறியார்.

இவ்விடயத்தில் மேற்குச் சகாரா மக்களின் கதை நெஞ்சை உறுத்துவது. 1975இல் ஸ்பானியக் குடியேற்ற ஆட்சி அகன்று மொறொக்கோ அந்நிலத்திற் புகுந்தபோது, சகராவி மக்களுட் பெருந்தொகையினர் அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலைவன முகாம்களில் அகதிகளாயினர். ஒட்டகப்பாலும் இறைச்சியும் பேரீச்சையும் உண்டு வாழ்ந்த அந்நாடோடி மக்களிடையே, குடியேற்ற ஆட்சி பாணைப் பரப்பியது. அகதி வாழ்வு நிவாரணக் கோதுமை மாவை அன்றாட உணவாக்கியது. 1999இல் கற்றாசி முதலிய இத்தாலிய மருத்துவர்கள் அங்கு 989 குழந்தைகளைப் பரிசோதித்து, அவர்களுள் 5.6 வீதமானோர் இந்நோயுடையோர் என அறிவித்தனர். ஐரோப்பிய வீதத்தின் ஐந்து மடங்கிற்கும் மேலானது இது. பரம்பரையலகு இதிற் பங்குகொள்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தமக்கு எது உணவாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பறிக்கப்பட்ட மக்களிடம் அப்பரம்பரையலகு பிணியாக வெளிப்பட்டது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

இந்தியாவிலிருந்து கிடைத்துள்ள சான்று இதனை மேலும் தெளிவாக்குகிறது. 2011இல் டில்லிப் பகுதியில் நடத்திய ஆய்வு 96 பேருக்கு ஒருவர் நோயுடையவர் எனக் காட்டியது. 2016இல் வெளியான பரந்த ஆய்வொன்று மூன்று பிரதேசங்களை ஒப்பிட்டது. வடக்கில் 1.23 வீதம், வடகிழக்கில் 0.87 வீதம், தெற்கில் 0.10 வீதம். நோய்க்கு இடமளிக்கும் பரம்பரையலகுகளோ வடக்கில் 38.1 வீதத்தினரிடமும் தெற்கில் 36.4 வீதத்தினரிடமும் காணப்பட்டன. வேறுபாடு மிகச் சிறிது. அன்றாடக் கோதுமை நுகர்வு வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். வடகிழக்கிலும் அது 37 கிராமே என்பதால், நோயின் அளவு கோதுமையின் அளவை நேர்கோட்டிற் பின்பற்றுகிறது என்று கூறுவதற்கில்லை. வேறு காரணிகளும் உள. ஆயினும் இரத்தம் மாத்திரம் விதியன்று என்பதை இவ்வெண்கள் ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றன.

இலங்கையிற் கோதுமை விளைவதில்லை. அமெரிக்கப் பொதுச்சட்டம் 480இன் கீழ் வந்த மாவும், 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பிறீமா ஆலையின் மாவும் எமது உணவுப் பழக்கத்தை ஆழமாக மாற்றின. தோட்டங்களில் ரொட்டி, நகரங்களிற் பாண், யாழ்ப்பாணத்திற் பிட்டிலும் இடியப்பத்திலும் அரிசிமாவோடு கலக்கும் கோதுமை மா என அது பரவியுள்ளது. தென்னிந்தியரைப் போன்று எமக்கும் இந்நோய் அரிதாக இருக்கலாம். ஆனால் அரிது என்னும் நம்பிக்கையே நோயாளியைக் கண்டறியாமல் விடச் செய்யும் என்பதை மேற்கண்ட வரலாறு போதிக்கிறது. இரும்புச்சத்துக் குளிசைக்கு இணங்காத குருதிச்சோகையுடன் வரும் தோட்டத் தொழிலாளப் பெண்ணிடம் வறுமையும் புழுவுமே காரணம் எனக் கூறி அனுப்பிவிடுவது எளிது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியல்லாத அச்சிலருக்காகவே மருத்துவம் மேலும் ஒரு வினாவை எழுப்பவேண்டும்.

8

நோய்க்கு மருந்து இன்னும் இல்லை; வாழ்நாள் முழுவதும் குளூட்டன் நீக்கிய உணவே சிகிச்சை. ஆகவே சிகிச்சை சந்தையின் கையில் உள்ளது. மேலை நாடுகளிற் குளூட்டன் அற்ற பண்டங்கள் சாதாரணப் பண்டங்களிலும் விலை கூடியவை. நோயற்ற வசதி படைத்தோரின் நாகரிகமாகவும் அவை மாறியுள்ளன. ஒருவருக்கு அது விருப்பத் தெரிவு. மற்றொருவருக்கு உயிர்த் தேவை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விற்பதே வணிகத்தின் இயல்பு.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 1968இல் பிரித்தானியாவிற் சீலியாக் நோயாளர் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர் பீற்றர் பெனன்சன். சர்வதேச மன்னிப்புச் சபையை நிறுவிய அவரும் இந்நோயுடையவரே. இத்தாலி 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நோயாளரின் உணவுச் செலவில் அரசுக்குள்ள பொறுப்பை ஏற்றது. நோயாளர் ஒன்றுசேர்ந்து குரலெழுப்பியவிடத்தே நோய் உரிமையின் விடயமாகிறது.

அரிசியும் குரக்கனும் சாமையும் தினையும் உண்டு வந்த மக்களுக்கு இவ்வுணவு முறை அந்நியமானதன்று. ஜீ விலக்கிய அரிசியே இன்று உலகெங்கும் இந்நோயாளரின் முதன்மை உணவு. ஆயினும் பழைய உணவே அமுதம், பிறர் உணவு நஞ்சு எனக் கூறும் பழமைவாதத்துக்கு இவ்வரலாறு துணைபோகாது. கோதுமை பெரும்பாலான மனிதருக்கு நல்லுணவே. ஐரோப்பிய மருத்துவர்கள் பாணின் மீது வைத்த நம்பிக்கையை நாம் அரிசியின் மீது வைப்போமாயின் அதே தவறையே மீண்டும் செய்தவர்களாவோம்.

உடலும் சமூகமும் இருவேறு உலகங்கள் அல்ல. பரம்பரையலகு ஒரு சாத்தியத்தைத் தருகிறது. உற்பத்தியும் வணிகமும் போரும் அச்சாத்தியத்தை உணவுத் தட்டுக்குக் கொண்டுவருகின்றன. நோயாளியின் சொல்லுக்குச் சமூகம் அளிக்கும் மதிப்பு, அவர் குணமடைவாரா இல்லையா என்பதை நிர்ணயிக்கிறது. ஜீயின் விரிவுரைக்கும் டிக்கவின் ஆய்வேட்டுக்கும் இடையில் அறுபத்துமூன்று ஆண்டுகள் சென்றன. அக்காலம் முழுவதும் நோயுற்ற பிள்ளைகளுக்கு அன்னையர் பாண் ஊட்டிக்கொண்டிருந்தனர். ஊட்டியபின் நேர்வதை அவர்களுட் சிலரேனும் கவனித்திருப்பர். அவர்களிடம் எவரும் வினவவில்லை என்பதே இவ்வரலாற்றின் மிகப் பெரிய இழப்பு.